வலது திருப்பம்

கோப்பு எண்ணைச் சொல்லக்கூடாது.
அங் மோ கியோ அவென்யூ 3, காலை 7.20,
மழை விட்டுப் பத்து நிமிடம்.
திரு. குவாவின் டாஷ்கேம்.

பதினோராவது வினாடியில்
எதிரே தேவசகாயம், மோட்டார்சைக்கிளோடு
வலப்பக்கம் சாய்ந்து வருகிறார்.
"பாருங்கள், முன்பே சறுக்கிவிட்டார்"
என்கிறது குவாவின் கடிதம்.

உபியில், ஆறாம் மாடியில்,
ஏர்கானுக்கு நேர்கீழே என் மேசை.
சால்வையைப் போர்த்திக்கொண்டு
ஒரு வினாடியை முப்பதாக அறுத்துப் பார்க்கிறேன்.
பக்கத்து மேசை மெய் ஃபோங் எட்டிப் பார்த்து
"சாய்ந்துதானே இருக்கிறார்?" என்றாள்.
திரையில் அடிக்கோலை வைத்தேன்.

விளக்குக் கம்பமும் சாய்ந்திருக்கிறது.
புளோக் 217 சாய்ந்திருக்கிறது, பன்னிரண்டு மாடியும்,
துணி காயும் மூங்கில் கழிகளோடு.
அங்சானா மரம், பள்ளிக்கூட வேலி,
பச்சை மனிதன் ஒளிரும் சிக்னல்
எல்லாம் ஒரே கோணத்தில்.
காலையிலேயே ஊர் மொத்தமும் குடித்திருந்ததா, திரு. குவா?

அந்த மலிவுக் கேமராவுக்கு
ஒரே பார்வையில் பார்க்கத் தெரியாது.
வாடகை ஒப்பந்தத்தை விரல்வைத்துப் படிப்பவர்போல
மேலிருந்து கீழாக, வரி வரியாக.
மேல் வரியில் ஹெல்மெட்.
அடி வரிக்கு வருவதற்குள்
கார் இன்னும் கொஞ்சம் திரும்பியிருக்கும்.
ஒரே சட்டகத்துக்குள்
ஹெல்மெட் ஒரு நேரத்தில் இருக்கிறது,
டயர் வேறொரு நேரத்தில்.
இடையில் ஒரு மனிதர்
அத்தனை நேரங்களிலும்
நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்.

எழுதினேன்:
"சாய்வு மோட்டார்சைக்கிளினுடையது அல்ல.
படமெடுத்த கார் திரும்பியதால் வந்தது."
இரண்டு வாக்கியம், மூன்று நாள்.
ஜொகூரில் அவர் கணுக்காலுக்குள்
நான்கு திருகாணிகள். அது வேறு கோப்பு.

மூடுமுன் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்.
மோதியதும் கார் நிற்கிறது.
உடனே புளோக் நிமிர்கிறது. கம்பம் நிமிர்கிறது.
மரமும் சிக்னலும்
எங்களுக்கென்ன தெரியும் என்று நேராக நிற்கின்றன.
அவர் மட்டும்
இப்போது உண்மையாகவே சாய்ந்துகொண்டிருக்கிறார்.

ஈசூன் போகும் ரயிலில்
உனக்கு நான் போன வருடம் அனுப்பிய
கடைசிச் செய்தியைத் தேடி எடுத்தேன்.
"நீ முன்னைப்போல் இல்லை."

அன்று ஸ்டியரிங்
யார் கையில் இருந்தது?