பிழை திருத்துக

காட்பாடி. விடைத்தாள் முகாம், மூன்றாம் நாள்.
மின்விசிறி வெயிலை அரைத்து ஊற்றுகிறது.

‘ஒன் ஆஃப் த பாய் ஈஸ் ஆப்சென்ட் டுடே.’
பாய்க்கு ஒரு எஸ். ஒரு மதிப்பெண்.
காலையிலிருந்து நாற்பது தாளில்
ஈஸ் ஆர் ஆகியிருக்கிறது,
ஒன் டூ ஆகியிருக்கிறது,
யாரோ ஆப்சென்டுக்கே எஸ் போட்டிருக்கிறார்கள்.

இந்தத் தாளில் பாய் அப்படியே.
ஈஸையும் டுடேயையும் அடித்துவிட்டுப்
பொடி எழுத்தில்:
‘ஹேஸ் பீன் ஆப்சென்ட் சின்ஸ் பொங்கல்.’

ஹேஸ் பீன். சின்ஸ்.
பதினெட்டு வருஷம் தொண்டை வறளக் கத்தியும்
என் வகுப்பில் ஒருவருக்கும் இறங்காதது.

முதன்மைத் தேர்வாளர் முஷ்டாக் சாரிடம் நீட்டினேன்.
விடைக்குறிப்பைப் பார்த்தார்.
‘எஸ் எங்கம்மா?’
‘போனது ஒருத்தன்தானே சார்.’
சிரித்தார். ‘அரை மார்க்குக்கு இதுல இடமில்ல.
டீ வந்திருக்கு, ஆறிடப் போகுது.’

மறைவெண் தாள். எந்த ஊர்ப் பிள்ளையோ.
மதில் அந்தப் பக்கம் பெங்களூர் வண்டி
நின்று, ஏற்றிக்கொண்டு, நகர்கிறது.

சுழியம் போட்டேன்.
பிறகு முறைப்படி
பாய் பக்கத்தில் சிவப்பில் ஒரு எஸ்.
கூட இன்னும் ரெண்டு பேர்
கிளம்பிப் போன மாதிரி இருந்தது.

அடுத்த தாள்.
ஆர்.