விசுவாசப் பிரமாணத்தில் ஒரு வரி

போதகர் எமில்தாஸ் மாதத்தில் ஒருமுறை
கிளிநொச்சியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார்.
மற்ற ஞாயிறுகளில் நான்தான் வாசிக்கிறது.
படிப்புப் பத்தாம் வகுப்பு.
வேலை, முத்தையன்கட்டு இடதுகரை வாய்க்காலுக்குத்
துருசு திறந்து மூடுவது.

எங்கள் ஆலயத்துக்குச் சுவர் இடுப்பளவு.
மிச்சம் காற்று.
மணிக்குப் பதில் லொறிச் சில்லின் இரும்பு வளையம்,
வீரை மரத்தில் தொங்குகிறது.
நெகேமியா அடித்தால் குளக்கட்டு வரைக்கும் கேட்கும்.
அவன் முழங்காற்படியிட
முதலில் இடது காலைக் கழற்ற வேண்டும்.
கழற்றிப் பாயோரம் வைப்பான்,
நித்திரையான பிள்ளையைக் கிடத்துவது போல.
ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
காத்திருப்போம். பிறகே செபம்.

இராப்போசனத்துக்கு
முந்திரிகை வற்றலைச் சனி இரவே
அவித்துப் பிழிவது என் மனைவி.
அப்பம், ஒட்டுசுட்டான் பேக்கரிப் பாண், கரை வெட்டியது.
வெட்டிய கரை கோழிக்கு.
“அதுகும் அவற்ர சரீரந்தானோ?” என்று
ஒருநாள் கேட்டாள்.
எனக்கு இன்னும் மறுமொழி தெரியாது.

ஆராதனை முடிய ஏலம்.
போன கிழமை ஒரு முட்டை
முந்நூற்றிருபது ரூபாவுக்குப் போனது.
எடுத்தவர் அதைத் திருப்பிக் காணிக்கையாக வைத்தார்.
மறுபடி ஏலம்.
அந்த ஒரு முட்டையில்
கூரைக்கு ஆணி வாங்கினோம்.

விசுவாசப் பிரமாணத்தை எழுந்து நின்று சொல்லுவோம்.
வானத்தையும் பூமியையும் படைத்தவர் என்னும்போது
குளப்பக்கம் ஒரு மயில் அகவும்.
கன்னி, பிலாத்து, சிலுவை எல்லாம்
ஒரே வேகத்தில் போகும்.
பாதாளத்தில் இறங்கினார் என்ற இடத்தில்
குரல் தானாகத் தாழும்.
அந்தச் சொல்லுக்கு மட்டும் இங்கே
யாருக்கும் விளக்கவுரை தேவைப்பட்டதில்லை.
மண்மூட்டை அடுக்கிய பாதாளங்களில்
மூன்று நாளுக்கு மேல் இருந்தவர்கள் நாங்கள்.

பிறகு, சரீரம் உயிர்த்தெழுதல்.
அங்கே ஒரு குரல் குறையும்.
நாற்பத்தொரு பேரில் ஒன்று.
கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.
மூன்றாவது பாயில் செபமணியக்கா
வாயை மூடி,
முக்காட்டு நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நிற்பார்.
அடுத்த வரிக்கு வந்து சேர்ந்துகொள்வார்.

மகன் ஆரோன். பத்தொன்பது வயது.
பஸ்ஸில் ஏற்றியதை இவரே கண்டவர்.
அந்த வரியைச் சொல்ல
முதலில் ஒரு சரீரம் வேண்டும்,
கிடத்தி, கழுவி, பேர் சொல்லி அடக்கியது.
இவருக்குத் தெரிந்த ஆரோன்
பயிற்றங்காய்க் கறியென்றால் முகம் சுளிக்கிற பெடியன்.

ஒரு ஞாயிறு நானே அந்த வரியை விட்டுவிட்டேன்.
பாவமன்னிப்பிலிருந்து நேரே
நித்திய ஜீவனுக்குத் தாவினேன்,
மழைக்குப் பிறகு துருசைக் கொஞ்சம் இறக்குவது போல,
நல்லதென்று நினைத்து.
சபை தடுமாறியது.
பாதிப்பேர் பழக்கத்தில் சொன்னார்கள்.
பாதிப்பேர் என்னைப் பார்த்தார்கள்.
தகரத்தில் ஒரு குரங்கு ஓடியது.

ஏலம் முடிந்து கூட்டம் கலைய
அக்கா என்னிடம் வந்தார், கையில் ஏலத்தில் எடுத்த பூசணிக்காய்.
“அந்த வரியை ஆர் விடச் சொன்னது?”
“இல்லையக்கா, உங்களுக்காக...”
“எனக்காகவோ?
நான் சொல்லாதது என்ர கரைச்சல்.
நீங்கள் சொல்லவேணும்.
நாற்பது பேர் சொல்லுறதைக் கேக்கத்தானே
ரெண்டு கட்டை நடந்து வாறன்.”

பூசணிக்காயை என் சைக்கிள் கரியரில் வைத்துவிட்டுப் போனார்.
கோபமா, காணிக்கையா, தெரியாது.
கிழமை முழுக்க வீட்டில் அதுதான் கறி.

அடுத்த ஞாயிறு நான் அவசரப்படவில்லை.
சரீரம், என்றேன்.
நாற்பது பேரும் சொன்னார்கள்,
ஒற்றைக் காலில் தூணைப் பிடித்து நின்ற நெகேமியா
எல்லாரையும் விட உரக்க.
முக்காட்டு நுனி அவர் விரலில்
ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

நித்திய ஜீவனுக்கு
நாற்பத்தொரு குரல்.