பதினான்கு வீடுகளின் கோல்

பாப்லர் மரக் கொம்பு. இரண்டு முழம்.
வீட்டுக்கு ஒரு கோடாகப் பதினான்கு கோடுகள்.
கோட்டின்மேல் வெட்டுகள்:
மதகைத் தூர்வார யார் வரவில்லை,
யார் மாடு பொதுப்புல்லில் அத்துமீறியது,
அபராதம் எத்தனை குடம் ஒயின்.
எண்ணத் தெரிந்தால் போதும், எழுத்து வேண்டாம்.
இந்த வருஷம் கோல் என் கையில்.

பிரான்சில் பத்தொன்பது வருஷம்
அலுவலகக் கழிப்பறைகளைத் தேய்த்துவிட்டு
முட்டிவலியோடு போர்ச்சுகல் மலைக்குத் திரும்பியவள் நான், கிராசியெத்.
வந்ததும் ஊர்க்கூட்டத்தில் கேட்டேன்:
மதகுக்கு முறை உண்டு,
ரொட்டி அடுப்புக்கு முறை உண்டு,
விருந்தாளிக்கு மட்டும் ஏன் அடிதடி?
சாலையோரத்து பெல்மிரு வீட்டில்தான்
எல்லாக் காரும் நின்றது.
மேட்டுவீட்டு ஸுல்மிரா
விரித்த போர்வையை
மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து ஒரு புது வெட்டு, சாய்வாக.
வருபவர் யாரானாலும் கோலில் அடுத்த வீடு.
நூற்றுக்கு இருபது ஊர்ப்பெட்டிக்கு:
அடுப்புக்கூரைக்கு, பாலத்துப் பலகைக்கு,
வியாழன்தோறும் மருத்துவரை ஏற்றிவரும் வண்டியின் டீசலுக்கு.
பெல்மிரு நான்கு மாதம் என்னோடு பேசவில்லை.
இப்போதும் பேச்சு குறைவுதான்.

அருங்காட்சியகத்திலிருந்து ஒருத்தி வந்தாள், நல்லவள்.
கோலைக் கண்ணாடிக்குள் வைத்துக் காப்போம்,
உங்களுக்கு நகல் தருகிறோம் என்றாள்.
செவ்வாய்க்கிழமை யார் வீட்டில் படுக்கை என்று
கண்ணாடி சொல்லுமா என்றேன்.
அன்றிரவு அவளுக்கு அதேரித்து வீடு.
அவன் குறட்டையையும் சேர்த்தே
காலையில் பணம் கொடுத்துப் போனாள்.

ஜூலையில் ஒரு கூட்டம் முகமூடி ஆட்டம் கேட்டது.
முகமூடி வெளியே வருவது டிசம்பர் கடைசியில்,
பன்றி அறுத்து, புகைக்கூண்டு நிறைந்த பிறகு.
பெல்மிருவின் மகன் தூலியு கேட்கவில்லை.
இடுப்பில் மாட்டுமணி கட்டி
வேகாத வெயிலில் தெருவெல்லாம் குதித்தான்.
சட்டைப்பையில் அறுபது யூரோ.
அவன் வீட்டுக் கோட்டில் ஆறு வெட்டு வைத்தேன்,
கை நடுங்காமல் என்று சொன்னால் பொய்.

ஆறு குடமும் அடுப்படிப் படியில் இறங்கியது.
ஊரே குடித்தது, தூலியுவும் குடித்தான்,
அறுபது யூரோ கொடுத்தவர்களும் குடித்தார்கள்.
இது என்ன திருவிழா என்று கேட்டார்கள்.
அபராதம் என்றோம்.
அதையும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு அந்தப் பேருந்து நிறுவனத்தின் கடிதம்:
நாற்பத்தெட்டு இருக்கை, வாரம் இருமுறை,
மதிய உணவு, ஒன்றரை மணி நேரம்.
கூட்டம் நள்ளிரவு தாண்டியது.
வேண்டும் என்று ஆறு கை, வேண்டாம் என்று ஏழு.
நான் கை தூக்கவில்லை, கோலைத்தான் பிடித்திருந்தேன்;
இன்னொரு வருஷம் கணக்கு மாறலாம்.
பதில் எழுதினேன்:
அடுத்த முறை ஸுல்மிரா வீடு. கட்டில் மூன்று.
மூன்று பேர் என்றால் வரலாம், இரவு தங்க வேண்டும்.

செப்டம்பரில் மூன்று பேர் வந்தார்கள்,
பழைய சிவப்புக் காரில்:
அந்தப் பேருந்தின் ஓட்டுநர், விடுமுறையில்,
மனைவி, மாமியார்.
ஸுல்மிரா போர்வையை விரித்தாள்.
நான் கத்தியை எடுத்து
அவள் கோட்டில் ஒரு சாய்வு வெட்டு வைத்தேன்.
அடுத்தது பெல்மிரு.