திருப்பிச் சொல்லுங்கள்

சதர்குல் ஆட்டின் ஈரலைத் தகரத் தட்டில் வைத்தார்.
இன்னும் ஆவி பறந்தது.
ஆலாய்ப் பள்ளத்தாக்கில் அக்டோபர்.
வெயில் இருக்கும், விரல் விறைக்கும்.

"உள்ளே ஆலங்கட்டி பெய்திருக்கிறது, புருல்" என்றார்.
அப்படித்தான் இருந்தது.
வெள்ளை வெள்ளையாய் நீர் கோத்த பைகள்,
பட்டாணி அளவில் பல,
ஒன்று மட்டும் கோழிமுட்டை.

படத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.
ஓஷ் நகரில் அச்சடித்த படம்.
அம்புக்குறிகள் வட்டமாக ஓடும்,
நாய், புல், ஆடு, ஈரல், மறுபடி நாய்.
மனிதன் ஓரத்தில் நிற்பான்,
வழிதவறி வந்தவன் போல.

வாயால் சொன்னேன்.
இதை நாய்க்குப் போட்டால் அதன் குடலில் புழு.
புழுவின் முட்டை மயிரில் ஒட்டும்,
மயிரிலிருந்து கைக்கு, கையிலிருந்து ரொட்டிக்கு.
பிறகு பத்து வருஷம்கூட ஒன்றும் தெரியாது.
வேகவையுங்கள், இல்லை புதையுங்கள்.

திருப்பிச் சொல்லுங்கள், என்றேன்.
செவிலியர் பள்ளியில் எங்களுக்குச் சொன்னது அது:
போய்ச் சேர்ந்ததா என்று
கேட்டவர் வாயிலிருந்தே தெரிந்துகொள்.

சதர்குல் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார்.
"அக்தோஷைச் சுட்டுவிடச் சொல்கிறாய்."

நான் அதைச் சொல்லவே இல்லை.
ஓநாய்க்கும் பட்டிக்கும் நடுவே
ஏழு குளிர்காலம் படுத்திருந்த நாய்
தன் பேர் கேட்டு வாலை ஆட்டியது.

உல்கான் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள்.
மேல்சட்டையில் மூன்று பொத்தான்களைக் கழற்றினாள்.
விலாவின் கீழே தொடங்கித் தொப்புள்வரை
ஒரு தழும்பு,
கம்பளி விரிப்பை அவசரத்தில் தைத்தது போல.
"நாயை விடு. அதன் வாய்க்குள் போவதை நிறுத்து.
என்னை இரண்டு தடவை அறுத்தார்கள்.
இவள் படத்தைவிட இது நல்ல படம்."
பொத்தானைப் போட்டுக்கொண்டு பாலைக் கிளறப் போனாள்.

அவர் கெண்டியை எடுத்தார்.
சாப்பிடுமுன் விருந்தாளி கையில்
மூன்று முறை நீர் வார்ப்பது எங்கள் வழக்கம்.
வார்த்துக்கொண்டே,
"நாயைத் தடவிய கைக்கும் மூன்று" என்றார்,
தனக்குத்தானே போல.
என் பாடத்தில் இது இல்லை.
இனி எல்லா வீட்டிலும் சொல்வேன்,
அவர் சொன்னதாக.

நாய்க்கான மாத்திரையை வால்கொழுப்பில் பொதிந்து நீட்டினேன்.
அக்தோஷ் கொழுப்பை விழுங்கிவிட்டு
மாத்திரையை என் பூட்ஸ்மேல் துப்பியது.
அடுத்த தடவை இன்னும் பெரிய கொழுப்பு.

பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு.
சுகாதாரக் கல்வி அளிக்கப்பட்டதா?
ஆம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

நவம்பரில் போனபோது
பட்டிக்குப் பின்னால் கிளறிய மண்.
அக்தோஷின் மூக்கிலும் மண்.
"புதைக்கச் சொன்னாய். புதைத்தேன்" என்றார் சதர்குல்.
எவ்வளவு ஆழம்?
விரலை விரித்து ஒரு சாண் காட்டினார்.

ஆழத்தை நான் சொல்லவில்லை.

இரண்டு பேருக்கும் ஒரே கடப்பாரை.
மேல்மண் உறைந்து கிடந்தது,
இரும்பு பட்டால் பொறி பறந்தது.
கொஞ்சம் அவர், கொஞ்சம் நான்.
நாயைக் கட்டிப்போட்டதில்
அது எங்களைத் திட்டிக்கொண்டே இருந்தது.
குழி அவர் இடுப்புக்கு வந்ததும்
மேலே ஏறி, மூச்சு வாங்க,
என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இப்போது நீ திருப்பிச் சொல்."

இடுப்பளவு, என்றேன்.

"அப்புறம்?"

மேலே கல்.