அட்டை

வருடச் சந்தா மூவாயிரம், அட்டை தருவோம் என்றதும்
கோமளேஸ்வரி கேட்டார்:
"அட்டையா? மலையில ஏறுறது பத்தாதா தங்கச்சி?"
வரிசை முழுக்கச் சிரித்தது.
417 என்று இலக்கம் போட்டுக் கொடுத்தேன்.

மல்லியப்பூ சந்திக்குக் கீழே,
முன்பு கொழுந்து லொறி திருத்திய கூடத்தில்
எங்கள் மொத்தக் கடை.
அரிசி வந்த விலைக்கே போகிறது.
பருப்பில் கிலோவுக்கு ஒன்றரை ரூபாய்.
"அப்ப நம்மட சம்பளம் எங்கிருந்து வருது?"
மனேஜர் ரிஸ்மி லாச்சியைத் தட்டிக் காட்டினார்.
உள்ளே உறுப்பினர் படிவங்கள்.

நல்ல உறுப்பினர் என்றால்
பணம் கட்டிவிட்டு வராதவர்.
பொகவந்தலாவைப் பாதையில் மண் சரிந்தால்
அந்த மாதம் எங்களுக்கு நல்ல மாதம்.
இதை நான் வீட்டில் சொன்னதில்லை.

கோமளேஸ்வரி வருவார்.
பத்தாம் திகதி சம்பளம், பதினோராம் திகதி ஆட்டோ.
பழைய செக்ரோல் தாளின் பின்புறம்
பதினான்கு பெயர், பெயருக்கு நேரே கிலோ.
சந்தாவையும் பதினான்காகப் பிரித்திருந்தார்கள்.
தலைக்கு இருநூற்றுப் பதினான்கு.
மிஞ்சிய நாலு ரூபாயைப் போட்டவர் பெயர்கூட இருந்தது,
ஒரு கோடு போட்டு.

நூறு ரூபாய்க்கு ஒரு புள்ளி.
பதினான்கு அடுப்பின் புள்ளியும் ஒரே இலக்கத்தில் ஏற
மார்கழிக்குள் ஒரு ரைஸ் குக்கர்.
குலுக்கல் போட்டார்களாம்.
விழுந்தது கரண்ட் வெட்டிய வீட்டுக்கு.

கணக்குத் திரையில் 417 சிவப்பாக நின்றது.
பரிசும் கழிவும் சந்தாவைத் தின்றுவிட்டன.
"கூட்டு அட்டை. நிறுத்துங்க" என்றார் ரிஸ்மி.
விதியைப் படித்துக் காட்டச் சொன்னார் கோமளேஸ்வரி.
படித்தேன்:
ஒரு முகவரிக்கு ஓர் அட்டை.

"அதத்தானே செஞ்சிருக்கோம்?
கடுதாசி, கோட் நோட்டீஸ், எல்லாம்
தோட்டத்துப் பேருக்குத்தான் வருது.
லயத்துக்கு நம்பர் குடுத்தவன் யாரு?
குடுக்கட்டும், நாளைக்கே பதினாலு அட்டை எடுக்கிறோம்."

ரிஸ்மி படிவத்தைத் திருப்பிப் பார்த்தார்.
பின்பக்கம் வெறுமை.
விதியை எழுதியதும் அவர்தான்.

புதுப்பித்தேன். மூவாயிரம்,
நூறும் இருபதுமாக எண்ண நேரம் எடுத்தது.
எழுந்து போனவர் திரும்பி வந்து
உப்பு ஆறு பக்கட் கேட்டார்.
"மழ புடிச்சிருச்சி. மத்த அட்டைக்கு."

உப்பில் மட்டும்
எங்களுக்குக் கொஞ்சம் நிற்கும்.