உள்ளூர்க்காரருக்கு நூறு ரூபாய்

பதினொரு வருடமாக
அந்தச் சித்திரசாலைக்கு வெளியேதான் நிற்கிறது என் வேன்.
பண்டாரவளை, பழைய துரை பங்களா,
சைப்பிரஸ் மரத்தடி, பின்னால் எடுக்க வசதியான இடம்.
உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால்
"ஒன்றரை மணித்தியாலம்" என்பேன்.

இன்றைக்கு மழை.
மரைக்கா என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினாள்
(முதல் நாள் விமான நிலையத்தில்
மரைக்காயர் என்றுதான் என் காதில் விழுந்தது),
நீயும் வா என்றாள்.
வெளிநாட்டவருக்கு ஆயிரத்து ஐந்நூறு,
உள்ளூர்க்காரருக்கு நூறு.
என் நூறையும் ஹெய்ன்தான் கொடுத்தார்,
சில்லறையாக, எண்ணி எண்ணி.

ஒல்லாந்துக்காரர்கள் இருவரும்.
ஆறு நாளாகக் காட்டுகிறேன்:
தெமோதரைப் பாலம், தியலும நீர்வீழ்ச்சி,
உலக முடிவுக்குப் போனால் பனி,
திரும்பி வந்தால் வெயில்.
எதைக் காட்டினாலும் "இவ்வளவு உயரமா" என்று ஒரே கேள்வி.
அவர்கள் ஊரில் தரை கடலைவிடத் தாழ்ந்ததாம்,
தண்ணீரை இறைத்து இறைத்துத்தான் குடியிருக்கிறார்களாம்.
எல்லயில் ஒரு கடைக்காரனிடம் நான்
"கக்கூஸ் எந்தப் பக்கம்?" என்றபோது
ஹெய்ன் தேத்தண்ணியைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.
அவருடைய பாட்டன் வாய்ச் சொல்லாம் அது.
கோட்டை கட்டியவர்கள் கரையோடு இருந்துவிட்டுப் போனார்கள்,
இது ஒன்று மட்டும்
மலையேறி வந்து எங்கள் லயத்துக்குப் பின்னால் நிற்கிறது,
கதவில்லாமல்.

உள்ளே மெழுகு வாசம். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்.
துரைமார் முகங்கள், ஒரு குதிரை, பூச்சாடி.
நேரம் பார்த்துக்கொண்டே நடந்தேன், பழக்கம்.
மூன்றாவது அறையில்
சுவர் முழுக்க ஒரு மலை.

வளைவு தெரிந்தது.
எங்கள் கோயில் வளைவு. இடப்பக்கம் சவுக்கு.
இரண்டாவது கியருக்கு மாற்றும் இடம்,
கண்ணை மூடிக்கொண்டும் திருப்புவேன்.
கொழுந்து எடுக்கிறவர்கள் பதினேழு பேர், எண்ணினேன்,
பதினேழு பேருக்கும் முதுகு.
அவர்களுக்குக் கீழே பனி,
நல்ல பனி, பஞ்சு மாதிரி,
ஒரு மாதமாவது உட்கார்ந்து வரைந்திருக்க வேண்டும்.

"இங்கே" என்றேன்,
"இந்தப் பனிக்குள்தான் பணிய லயம்.
பன்னிரண்டு காம்பரா. கடைசிக்கு முந்தினது என்னுடையது."
காவல்காரப் பையன் ஓடி வந்தான், தொடக்கூடாது என்று.
தொடவில்லை தம்பி, வீட்டைக் காட்டினேன்.

மரைக்கா மூக்கு முட்டுமளவுக்குக் கிட்டப் போனாள்.
ஊரில் அவள் வேலை பழைய படங்களைத் துடைப்பதாம்.
எக்ஸ்ரே பிடித்துப் பார்த்தால்
சாயத்துக்கு அடியில் ஒரு நாய், ஒரு பிள்ளை,
வரைந்தவன் மனம் மாறி மூடிவிட்ட ஆள் என்று
சிலவேளை எழும்பி வருவார்களாம்.
இதற்கடியில் ஏதும் இருக்குமா என்று கேட்டேன்.
தலையைச் சாய்த்து, வெளிச்சம் படுகிற பக்கமாக நெடுநேரம் பார்த்தாள்.
"இல்லை" என்றாள். "முதலிலேயே பனிதான்."

திரும்பும்போது அவர்களாகத்தான் கேட்டார்கள்.
வளைவில் நிறுத்தினேன்.
சவுக்கு, கோயில் தகரம்,
கீழே அதே பனி,
படத்தைப் பார்த்துப் பழகிக்கொண்டது போல.
ஹெய்ன் கமராவை உயர்த்தினார், தாழ்த்தினார்.
பீலியடியில் ஒருத்தி இன்னொருத்தியை ஏசிக்கொண்டிருந்தாள்,
குடம் மாறிப்போச்சாம்.
பிறகு ஒரு குக்கர் விசில்.
இரண்டு. மூன்று.
யாருடைய வீடு என்று மரைக்கா பனியைப் பார்த்துக் கேட்டாள்.
பொறுங்கள் என்று விரலைக் காட்டினேன்.
நாலு.

புஷ்பலதாதான், என்றேன்.
பருப்புக்கு மற்றவர்கள்
மூன்றோடு இறக்கிவிடுவார்கள்.