பதினோராம் திருத்தம்

தோட்டப்பாளையத்தில் இந்த லாட்ஜுக்கு
இரவு வரவேற்பாளன் நான்.
பத்து மணிக்கு மேல் வெந்நீர் கேட்பவர்கள்,
ஸ்கேன் உறையைக் கக்கத்தில் இடுக்கி
காட்பாடிக்கு ஆட்டோ கேட்பவர்கள் போக
மீதி நேரமெல்லாம் என் ஆட்டத்துக்கு.

அறுபது பிரமிடுகள். நான்கு நிறம், மூன்று அளவு.
மேல்விஷாரத்தில் ஷூ கம்பெனிக்குப் போகும் நயீம்
கழித்த அட்டையில் வெட்டி, பசை வைத்து,
உள்ளே குடைவாகவே இருக்கட்டும் என்று நான் நச்சரித்தபடி
செய்து தந்தான்.
மழை நாளில் இன்னும் தோல் வாசம் அடிக்கும்.

பெரியதன் மேல் சிறியதை வைத்தால் கோபுரம்.
சிறியதன் மேல் பெரியதைக் கவிழ்த்தால்
கீழே ஒன்றுமே இல்லாதது மாதிரி ஒரு பிரமிடு.
இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஆட்டம்.
நகைக்கடை காலண்டரின் முதுகில்
ஐந்துக்கு ஐந்து கட்டம்.
உச்சியில் யார் நிறமோ அவருடையது அடுக்கு.
நகர்த்த வழியில்லாதவர் தோற்றார்.
அவ்வளவுதான்.
அவ்வளவுதான் என்று எழுத ஒன்றரை வருடம்.

பழைய வருகைப் பதிவேட்டில் சோதனைக் குறிப்புகள்:
203, தம்லுக். மூன்று நிமிடத்தில் முடிந்தது. பலகை போதாது.
108, சித்தூர். சிரித்தார். ஏன் என்று சொல்லவில்லை.
305, அகர்தலா. நான்காம் விதியில் கொட்டாவி.
ஆறாம் திருத்தத்தில் முதலில் ஆடியவர்
முப்பத்தொன்றில் இருபத்து நான்கு முறை வென்றார்.
அதற்குப் பெயர் ஆட்டம் இல்லை,
கியூவில் முன்னால் நிற்பது.

207, தன்பாத். பிஷ்ணு மஹதோ.
அவருக்குத் தெரிந்த தமிழ் 'நாளைக்கு'.
எனக்குத் தெரிந்த இந்தி அறை வாடகை.
விதிகளைக் கையால் சொன்னேன்.
பதினேழாம் நகர்வில் ஒரு மூலையில் நெருக்கினேன்,
எதைத் தொட்டாலும் அவருக்கு ஓர் அடுக்கு போகும்.
சிவப்பில் நடுத்தரத்தை எடுத்தார்.
மின்விசிறியைப் பார்த்தார்.
எடுத்த கட்டத்திலேயே வைத்தார்.
உன் முறை என்று தாடையை அசைத்தார்.

இப்போது நெருக்கடி எனக்கு.
நாலு பக்க விதியைப் புரட்டினேன்,
கூடாது என்று ஓரிடத்திலும் எழுதவில்லை.
கோபம். பிறகு இன்னொரு கோபம், அது என்மேல்.
மனைவியின் சதைத்துணுக்கு அறிக்கைக்குப் பதினோரு நாளாகக்
கவுன்ட்டர் வரை போய்த்
திரும்பி அதே நாற்காலியில் உட்காருகிறவர்
என் முன்னால் கொட்டாவி விடாமல் உட்கார்ந்திருந்தார்.

அவர் படுக்கப் போனபின் இரண்டு பக்கமும் நானே ஆடினேன்.
சும்மா இருக்க விட்டால்
இருவரும் சும்மா இருந்தார்கள், விடியும்வரை.
தடுத்தால், பத்தாம் திருத்தத்தின் அதே பிணம்.
மூன்று மணிக்குச் சரக்கு ரயில் கத்தியபோது
முழங்கை பட்டு ஒரு பச்சை சாய்ந்தது.
படுத்த பிரமிடுக்கு ஒரு திசை உண்டு.
ஒன்றரை வருடம் அறுபதையும்
நிற்க வைத்தே பார்த்திருக்கிறேன்.

எழுதினேன்:
ஒரு முறை சும்மா இருக்கலாம்.
இருந்ததற்குத் தன் காய் ஒன்றைச் சாய்க்க வேண்டும்.
சாய்ந்தது அந்த ஆட்டத்தில் எழாது.
அதன் நுனி காட்டும் கட்டத்தில் எவரும் நுழையக் கூடாது.

மறுநாள் இரவு நான் வேலைக்கு வந்தபோது
207-இல் வேறு பெயர், வேறு ஊர்.
மஹதோவின் வரியில் 'கணக்கு முடிந்தது' என்று
பகல்காரர் கையெழுத்து.
அறிக்கை என்ன சொன்னது என்று
பதிவேட்டில் அதற்கு ஒரு பத்தி கிடையாது.

அறை பெருக்கும் பூங்காவனம்
ஷிப்ட் முடிந்து பஸ் வரும்வரை ஆடுகிறாள்.
தொடக்கத்திலேயே ஒன்றைச் சாய்த்து
என் வாசலை அடைத்துவிட்டு,
'இன்னாப்பா, எழுதும்போது இத்த யோசிக்கலியா?' என்றாள்.
பன்னிரண்டு நகர்வில் தோற்றேன்.

இப்போது நாற்பதில் இருபத்து மூன்று.
இன்னும் முதலில் ஆடுபவர் பக்கம் கொஞ்சம் இழுக்கிறது.
பன்னிரண்டாம் திருத்தம் என்று தலைப்பிட்டு
அடிக்கோடு போடும்போது
301-இலிருந்து மணி.
வெந்நீர், ஒரு பக்கெட்.